ஒரு நிலையம் கூடுதல்

ஞாயிறு காலை ஏழேகால்.
செங்காங்கில் வட்டமடிக்கும் சின்ன ரயில்.
ஓட்டுநர் இல்லை.
முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பது
வாராவாரம் என் பரிதிதான்.
வயது பதின்மூன்று. என்னைவிட ஒரு சாண் உயரம்.

செங் லிம், ஃபார்ம்வே, குபாங்.
நாலாவது, தங்கம்.
அந்தப் பெயர்ப்பலகை வரும்போது
வாய் திறப்பான்:
"தங்கம்."

அவனிடம் உள்ள சொற்கள் பதினொன்று.
குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில்
எழுதி வைத்திருக்கிறேன்.
பத்துக்குப் பொருள் தெரியும்.
இது ஒன்றுதான் பிடிபடவில்லை.
பிறந்த அன்றிலிருந்து நான் அவனைக் கூப்பிட்டதும்
இதே சொல்லால்தான்.
நிலையத்தைச் சொல்கிறானா,
தன்னையா,
என்னையா.

இன்று ஒலிபெருக்கி சொன்னது:
பராமரிப்பு வேலை, ரயில் எதிர்த்திசையில் மட்டும்.
நான்கு மொழிகளில் சொன்னார்கள்.
அவன் மொழியில் சொல்ல
ஆளில்லை.

ரெஞ்சோங், தொங்காங், லயார், ஃபெர்ன்வேல்,
அப்புறம் தங்கம்.
நடைமேடையில் நின்றவர்களுக்கு
ஒரே ஒரு நிலையம் கூடுதல்.
அவனுக்குச்
சூரியன் மேற்கே எழுந்துவிட்டது.

விழுந்தான்.
தலை தரையைத் தொடுமுன்
என் உள்ளங்கை அங்கே போயிருந்தது.
அதற்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.
மணிக்கட்டில் பழைய பல்வரிசை ஒன்று உண்டு,
வளையலால் மறைப்பதை விட்டு
இரண்டு வருடமாகிறது.

ஒருவர் கைப்பேசியை உயர்த்தினார்.
ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், தமிழில்:
"கண்டிச்சு வளக்கல."
நான் பதில் சொல்லவில்லை.
பெருந்தன்மை எல்லாம் இல்லை,
இரண்டு கையும் வேலையாய் இருந்தன.

நானும் தரையில் உட்கார்ந்தேன்.
எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம்
வேலை முடிந்ததும் இசைக்குமே ஒரு சின்ன மெட்டு,
அதை முனகினேன்.
ஒரு ரயில் போனது.
மறுபடி முனகினேன்.
இன்னொன்று.

மனவலிமை என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் எங்களுக்கு.
ஒருமுறை மேடைக்கு அழைத்துப் பூங்கொத்துகூடத் தந்தார்கள்.
பரிதி இதழ்களைத் தின்றான்.
முடிதிருத்தும் கடைகள் எல்லாம் கைவிரித்த பிறகு
தானே கத்தரி பழகிய ஹுய் லிங்கிடம்
இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.
புளோக்கின் கீழ்த்தளத்தில், மாதம் ஒரு புதன்கிழமை,
எங்கள் ஏழு பிள்ளைகளுக்கும் அவள்தான்.
லிஃப்ட் பழுதான அன்று
நாற்பது கிலோ மகளை முதுகில் ஏற்றி
ஒன்பது மாடி ஏறிய ரொஸ்னா
பள்ளி வாசலில் சிரித்துக்கொண்டே சொன்னாள்:
"சாகறதுக்கு மட்டும் நமக்கு லீவு கிடையாது, அக்கா."
நாங்களும் சிரித்தோம்.
அன்றிரவு
நான் தூங்கவில்லை.

மூன்றாவது ரயில் வந்தபோது
அவனே எழுந்தான்.
ஏறினான். முன்கண்ணாடிக்குப் போகவில்லை.
பெட்டியின் கடைசிக்கு நடந்து
பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டினான்.
எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது:
ரயில் எப்படியும் போகட்டும்,
அவன் முகம்
பழைய திசைக்கே இருந்தது.

யார் கற்றுக்கொடுத்தார்கள் இதை?
எந்தச் சிகிச்சை அறையிலும் இல்லை.
நானும் இல்லை.

ரெஞ்சோங் பின்வாங்கியது. லயார் பின்வாங்கியது.
ஐந்தாவதாய் ரயில் நின்றது.
பெயர்ப்பலகை அவன் முதுகுப் பக்கம்.
எதிரே கண்ணாடி மட்டும்,
அதில் மங்கலாய், தலைகலைந்து, நான்.

"தங்கம்" என்றான்.

கேட்கவில்லை நான், எதை என்று.
அட்டையில் இரண்டு வெள்ளி எழுபது காசு இருந்தது.
இன்னொரு சுற்றுக்குப் போதும்.